‘போதும்’ என்று சொல்லும் 22 எழுத்துகள்

மரபணுவில் பிழை இருந்தால் நோய் வரலாம் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். இன்று அதற்கு அடுத்த கேள்விக்குப் போவோம். ஒருவர் உடலில் ஒரு மரபணு எந்தப் பழுதும் இல்லாமல் இருக்கிறது. அந்த மரபணுவிலிருந்து உருவாகும் புரதத்திலும் குறை இல்லை. அப்படியிருந்தும் அந்தப் புரதத்தால் அவருக்கு நோய் வருமா?

வரும். அந்தப் புரதம் அளவுக்கு மிஞ்சினால் வரும். போதாமல் போனால் வரும். சரியான அளவில் இருந்தும் வேளை தப்பினால் அப்போதும் வரும்.

எந்தப் புரதம், எந்த உறுப்பில், எப்போது, எவ்வளவு என்பதை உடல் ஒவ்வொரு நொடியும் கவனித்துக்கொண்டே இருக்கிறது. இந்த வேலைக்கு மரபணு ஒழுங்குமுறை என்று பெயர். இதைச் செய்யும் கூட்டத்தில் மிகச் சிறியவை மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள். ஒன்றின் நீளம் சுமார் 22 எழுத்துகள்தான். 1993-க்கு முன்பு அப்படி ஒன்று இருப்பதாக எந்தப் பாடநூலிலும் கிடையாது. அதைக் கண்டறிந்த இருவருக்கு 2024-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் கண்டறிந்தது ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு புழுவில்.

எல்லாச் செல்லிலும் எல்லா மரபணுவும்

உங்கள் கண்ணில் உள்ள செல், கல்லீரலில் உள்ள செல், கணையத்தில் உள்ள செல் எல்லாவற்றிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ.தான். முதிர்ந்த சிவப்பணுவைப் போல உட்கருவையே இழந்துவிட்ட சில செல்கள் மட்டும் விதிவிலக்கு. புரதம் செய்வதற்கான மரபணுக்கள் மனிதருக்குச் சுமார் 20,000. இன்சுலின் மரபணு கணையத்திலும் இருக்கிறது, உங்கள் கண்ணிலும் இருக்கிறது. ஆனால் கண்ணில் அது வாய் திறப்பதில்லை. கணையத்தில் உள்ள பீட்டா செல்களில்தான் பேசுகிறது. கல்லீரல் செல் அல்புமினைச் செய்கிறது, தசைச் செல் மயோசினைச் செய்கிறது. எந்த மரபணு பேச வேண்டும், எது மௌனமாக இருக்க வேண்டும் என்பதை வைத்துத்தான் ஒரு செல் கண்ணாகவோ கல்லீரலாகவோ ஆகிறது.

மரபணு எப்படிப் பேசுகிறது? டி.என்.ஏ. உட்கருவை விட்டு வெளியே வராது. தேவையான மரபணுவை மட்டும் செல் ஒரு படி எடுத்துக்கொள்கிறது. அந்தப் படிதான் தூது ஆர்.என்.ஏ. அது உட்கருவிலிருந்து வெளியே வந்ததும் ரைபோசோம்கள் அதைப் படித்துப் புரதத்தைக் கட்டுகின்றன. ஒரே தூது ஆர்.என்.ஏ.வைத் திரும்பத் திரும்பப் படித்து ஒரே புரதத்தை நிறையச் செய்துகொள்ளலாம்.

இதில் கட்டுப்பாடு எங்கே வருகிறது? ஏரிப் பாசனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மதகைத் திறந்தால் தண்ணீர் வாய்க்காலில் ஓடும், மூடினால் நின்றுவிடும். உட்கருவுக்குள் மரபணுவைத் திறப்பதும் மூடுவதும் இப்படித்தான் நடக்கிறது. அதற்கென்று தனிப் புரதங்கள் இருக்கின்றன. ஆனால் மதகை மூடிய பிறகும், ஏற்கெனவே வாய்க்காலில் இறங்கிவிட்ட தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதற்காகத்தான் விவசாயி மண்வெட்டியோடு வரப்பில் நிற்கிறார். இந்த வயலுக்குப் போதும் என்றால் இரண்டு வெட்டு மண்ணைப் போட்டு மடையை அடைக்கிறார். மைக்ரோ ஆர்.என்.ஏ. செய்வது இந்த இரண்டாவது வேலை. மரபணு திறந்து தூது ஆர்.என்.ஏ. வெளியே வந்துவிட்டது. அது புரதமாக மாறுவதற்கு முன் அதைப் பிடித்து நிறுத்துகிறது.

முதல் வகைக் கட்டுப்பாட்டை 1960-களிலேயே அறிஞர்கள் அறிந்திருந்தார்கள். கட்டுப்பாடு என்றால் இவ்வளவுதான் என்று பல ஆண்டுகள் நம்பியும் வந்தார்கள். இரண்டாவது வகையை அவர்களுக்குக் காட்டியது அந்தப் புழு.

வளர மறுத்த புழு

அதன் பெயர் சீனோராப்டைடிஸ் எலிகன்ஸ். உருளைப்புழு வகையைச் சேர்ந்தது. மண்ணிலும் அழுகும் பழங்களிலும் பாக்டீரியாவைத் தின்று வாழும். யாருக்கும் தீங்கு செய்யாது. உடல் கண்ணாடி போல இருப்பதால் உயிரோடு இருக்கும்போதே நுண்ணோக்கியில் அதன் செல்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். முட்டையிடும் வளர்ந்த புழுவின் உடலில் இனப்பெருக்கச் செல்களை விட்டுவிட்டு எண்ணினால் 959 செல்கள். ஒவ்வொரு புழுவிலும் அதே 959. முட்டையிலிருந்து வந்த இளம்புழு நான்கு பருவங்களைக் கடந்து, நான்கு முறை தோலுரித்து, சில நாட்களில் முழுப்புழுவாகிவிடும். எந்தப் பருவத்தில் எந்தச் செல் பிரிய வேண்டும் என்பதெல்லாம் அட்டவணை போட்டதுபோல நடக்கும்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் ராபர்ட் ஹார்விட்ஸ் என்பவரின் ஆய்வகத்தில் 1980-களில் இந்தப் புழுக்களை வளர்த்தார்கள். அங்கே இரண்டு வகைப் புழுக்கள் அட்டவணையை மீறின.

ஒரு வகைப் புழுவில் லின்-4 என்ற மரபணு பழுதாகியிருந்தது. அந்தப் புழு அளவில் பெரிதாகிவிடும். ஆனால் அதன் செல்கள் முதல் பருவத்தில் செய்த வேலைகளையே மறுபடியும் மறுபடியும் செய்துகொண்டிருக்கும். முட்டையிடும் உறுப்பு உருவாகாது. முட்டைகள் வெளியே வர வழியில்லாமல் உடலுக்குள்ளேயே நிறைந்துவிடும்.

இன்னொரு வகையில் லின்-14 என்ற மரபணு வேலை செய்யவில்லை. அந்தப் புழு நேர்மாறாக நடந்துகொண்டது. முதல் பருவத்து வேலைகளைத் தாண்டிக் குதித்து, அடுத்த பருவத்து வேலைகளை முன்கூட்டியே தொடங்கிவிட்டது.

அந்த ஆய்வகத்தில் இருந்த இரண்டு இளம் ஆய்வாளர்கள் விக்டர் ஆம்ப்ரோசும் கேரி ருவ்குனும். இரண்டு மரபணுக்களுக்கும் தொடர்பு இருக்கிறது என்பதை ஆம்ப்ரோஸ் கண்டார். லின்-14 உண்டாக்கும் புரதம் முதல் பருவத்தில் நிறைய இருக்க வேண்டும், பிறகு குறைய வேண்டும். அதைக் குறைப்பது லின்-4. லின்-4 இல்லாத புழுவில் அந்தப் புரதம் குறையவே குறையாது. அதனால் புழு எப்போதும் முதல் பருவத்திலேயே நிற்கும். எப்படிக் குறைக்கிறது? அதுதான் தெரியவில்லை.

இருவரும் பிறகு தனித்தனி ஆய்வகங்களுக்குப் போனார்கள். ஆம்ப்ரோஸ் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் லின்-4-ஐத் தேடினார். ரோசலிண்ட் லீ, ரோண்டா ஃபைன்பாம் என்ற இருவர் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். ஒரு மரபணு இன்னொன்றைக் கட்டுப்படுத்தினால் நடுவில் ஒரு புரதம் இருக்கும் என்பது அன்றைய நம்பிக்கை. அவர்கள் லின்-4 இருக்கும் டி.என்.ஏ. துண்டைக் குறுக்கிக்கொண்டே போனார்கள். துண்டு சிறிதாகிக்கொண்டே வந்தது, புரதம் மட்டும் அகப்படவில்லை. கடைசியில் கையில் கிடைத்தது 22 எழுத்து நீளமுள்ள ஓர் ஆர்.என்.ஏ. எந்தப் புரதத்துக்கும் அதில் குறிப்பு இல்லை.

அதே காலத்தில் பாஸ்டன் நகரில் ருவ்குன் லின்-14-ஐ ஆராய்ந்தார். லின்-14-இன் தூது ஆர்.என்.ஏ. எப்போதும்போல உருவாகிறது, புரதம்தான் குறைகிறது என்று கண்டார். அதாவது மதகு திறந்தே இருக்கிறது, தடுப்பு அதற்குப் பிறகுதான் நடக்கிறது. அந்தத் தடுப்புக்கு, தூது ஆர்.என்.ஏ.வில் புரதக் குறிப்பு முடிந்த பிறகு வரும் வால்பகுதி தேவைப்படுகிறது என்பதும் தெரிந்தது.

1992-ல் இருவரும் தங்கள் எழுத்து வரிசைகளை ஒருவருக்கொருவர் சொன்னார்கள். லின்-4-இன் 22 எழுத்துகளையும் லின்-14-இன் வால்பகுதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, சோடி சேரக்கூடிய எழுத்துகள் எதிரெதிரே வந்து நின்றன. குட்டி ஆர்.என்.ஏ. நேராகத் தூது ஆர்.என்.ஏ.வின் மேல் ஒட்டிக்கொள்கிறது! 1993 டிசம்பரில் ‘செல்’ என்ற அறிவியல் இதழில் இரண்டு கட்டுரைகளாக இது வெளிவந்தது.

பெரிய வரவேற்பு இல்லை. ஏதோ ஒரு புழுவின் தனிப் பழக்கம் என்று பலரும் விட்டுவிட்டார்கள். 2000-ஆம் ஆண்டில் ருவ்குனின் ஆய்வகம் அதே புழுவில் லெட்-7 என்ற இரண்டாவது குட்டி ஆர்.என்.ஏ.வை வெளியிட்டது. இந்தத் தடவை அவர்கள் மற்ற உயிர்களிலும் தேடினார்கள். ஈயில் இருந்தது. மீனில் இருந்தது. மனிதரிடமும் அதே லெட்-7 இருந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக எழுத்து மாறாமல் அது காப்பாற்றப்பட்டு வந்திருக்கிறது. அதன் பிறகு ஆய்வகங்கள் எல்லாம் தேடத் தொடங்கின. இன்று மனிதரிடம் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைக்ரோ ஆர்.என்.ஏ. மரபணுக்கள் தெரியவந்திருக்கின்றன.

தாளும் பென்சிலும் எடுங்கள்

மைக்ரோ ஆர்.என்.ஏ. தன் இலக்கை எப்படிக் கண்டுபிடிக்கிறது? நீங்களே செய்து பார்க்கலாம்.

ஆர்.என்.ஏ.வில் நான்கே எழுத்துகள்: அடினைன், யுராசில், குவானைன், சைட்டோசின். சுருக்கமாக அ, யு, கு, சை என்று எழுதிக்கொள்வோம். அ-வும் யு-வும் சோடி. கு-வும் சை-யும் சோடி. மனித உடலில் உள்ள லெட்-7 குடும்பத்தில் ஒன்றின் முழு வரிசை இது:

யு கு அ கு கு யு அ கு யு அ கு கு யு யு கு யு அ யு அ கு யு யு

எண்ணிப் பாருங்கள், 22 இருக்கும். இப்போது இரண்டாம் எழுத்திலிருந்து எட்டாம் எழுத்து வரை கோடிடுங்கள். கு அ கு கு யு அ கு. இந்த 7 எழுத்துகளை விதைப் பகுதி என்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் நேர் கீழே அதன் சோடியை எழுதுங்கள். சை யு சை சை அ யு சை என்று வரும். எந்தத் தூது ஆர்.என்.ஏ.வின் வால்பகுதியில் இந்த வரிசை இருக்கிறதோ அதை லெட்-7 பிடித்துக்கொள்ளலாம். ஒரு குறிப்பு: இரண்டு இழைகள் சோடி சேரும்போது எதிரெதிர்த் திசையில் இருக்கும். ஆகவே தூது ஆர்.என்.ஏ.வின் போக்கில் படிக்க, நீங்கள் எழுதியதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்.

7 எழுத்து பொருந்தினாலே பெரும்பாலும் போதும் என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. நான்கு எழுத்துகளைக் கொண்டு 7 எழுத்து வரிசைகள் எத்தனை எழுதலாம்? 4-ஐ ஏழு முறை பெருக்கினால் 16,384. எழுத்துகள் கலைந்து கிடக்கும் ஒரு நீண்ட வரிசையில், குறிப்பிட்ட ஒரு 7 எழுத்து வரிசை சராசரியாக 16,384 எழுத்துக்கு ஒரு முறை தானாகவே வந்துவிடும். நம் தூது ஆர்.என்.ஏ.க்களின் வால்பகுதிகளை எல்லாம் சேர்த்தால் கோடிக்கணக்கான எழுத்துகள். அதனால் ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கான தூது ஆர்.என்.ஏ.க்களைக் கட்டுப்படுத்த முடிகிறது. ஒரே தூது ஆர்.என்.ஏ.வைப் பல மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் சேர்ந்து கட்டுப்படுத்துவதும் உண்டு.

மைக்ரோ ஆர்.என்.ஏ. பிறக்கும்போதே 22 எழுத்தாகப் பிறப்பதில்லை. முதலில் அது ஒரு நீண்ட இழை. அந்த இழை தன் மேலேயே மடங்கி ஒட்டிக்கொள்ளும். டிரோஷா என்ற நொதி உட்கருவுக்குள் அதை முதல் முறை வெட்டும். வெளியே வந்த பிறகு டைசர் என்ற நொதி மறுபடி வெட்டி அளவாக்கும். அளவான துண்டை ஆர்கோநாட் என்ற புரதம் எடுத்துக்கொள்ளும். ஆர்கோநாட்டின் பிடியில் இருந்தபடிதான் மைக்ரோ ஆர்.என்.ஏ. தன் இலக்கைத் தேடுகிறது. இலக்கு அகப்பட்டதும் ரைபோசோம்களின் வேலை தடைபடும். அந்தத் தூது ஆர்.என்.ஏ.வும் சீக்கிரம் சிதைந்துவிடும். பெரும்பாலான சமயங்களில் புரதம் அடியோடு நின்றுவிடுவதில்லை, அளவு கொஞ்சம் குறையும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு முக்கியம் என்று நோய்கள் காட்டுகின்றன.

அளவு தப்பினால்

நம் இரத்தத்தில் உள்ள ஒருவகை வெள்ளணு பி செல். அதற்கு வயதானால் தானாகவே மடிந்து இடம்விட வேண்டும். நாள்பட்ட நிணநீர்ச்செல் இரத்தப் புற்றுநோய் வந்தவர்களிடம் அந்தச் செல்கள் மடிய மறுத்துச் சேர்ந்துகொண்டே போகும். பெரும்பாலும் முதியவர்களுக்கு வரும் நோய் இது. நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களின் புற்றுச் செல்களில் 13-ஆம் குரோமோசோமின் ஒரு சிறு பகுதி காணாமல் போயிருந்தது. அங்கே இருந்த எந்த மரபணு தொலைந்ததால் நோய் வந்தது? புரதம் செய்யும் மரபணு ஒன்று அங்கே இருக்கும் என்று எண்ணிப் பல ஆண்டுகள் தேடினார்கள். குற்றவாளி கிடைக்கவில்லை.

2002-ல் கார்லோ குரோச்சேயின் குழுவினர் விடை சொன்னார்கள். தொலைந்த பகுதியில் இருந்தவை மிர்-15, மிர்-16 என்ற இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள். அவர்கள் ஆராய்ந்த நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரிடம் இவை குறைந்தோ இல்லாமலோ இருந்தன. மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கும் மனித நோய்க்கும் தொடர்பு காட்டிய முதல் ஆய்வு இது. 2005-ல் காரணமும் தெளிவானது. செல்லைச் சாகவிடாமல் காக்கும் பி.சி.எல்.-2 என்ற புரதம் இருக்கிறது. அது ஓரளவு தேவைதான். மிர்-15-உம் மிர்-16-உம் அதை அளவோடு வைத்திருந்தன. அவை தொலைந்ததும் பி.சி.எல்.-2 பெருகியது, சாக வேண்டிய செல்கள் சாகாமல் நின்றன. பி.சி.எல்.-2 மரபணுவில் ஓர் எழுத்துகூட மாற வேண்டியிருக்கவில்லை. கட்டுரையின் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இதுவே விடை.

நாம் மேலே எழுதிப் பார்த்த லெட்-7-உம் இப்படித்தான். செல்லைப் பிரியத் தூண்டும் ராஸ் என்ற புரதத்தை அது அளவோடு வைத்திருக்கிறது. நுரையீரல் புற்றுநோய்க் கட்டிகள் பலவற்றில் லெட்-7 குறைந்தும் ராஸ் கூடியும் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

வேளை தப்பினால்

உங்கள் உள்காதில், நத்தை ஓடு போலச் சுருண்ட காக்ளியா என்ற உறுப்பு இருக்கிறது. அதில் நுண்மயிர்கள் கொண்ட சுமார் 15,000 செல்கள் இருக்கின்றன. ஒலி வந்தால் அந்த மயிர்கள் அசையும், மூளைக்குச் செய்தி போகும். நாம் கேட்கும் ஒவ்வொரு சொல்லும் இவற்றின் வழியாகவே வருகிறது. இவை அழிந்தால் மனிதருக்கு மறுபடி முளைக்காது.

இந்தச் செல்களில் மிர்-96 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. வேலை செய்கிறது. ஸ்பெயின் நாட்டில் சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகக் கேட்கும் திறன் குறைந்துகொண்டே வந்தது. 2009-ல் அதன் காரணம் தெரிந்தது. மிர்-96-இன் விதைப் பகுதியில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. நீங்கள் கோடிட்ட 7 எழுத்துகளில் ஒன்றை அழித்து வேறொன்றை எழுதிப் பாருங்கள். கீழே வரும் சோடி வரிசையும் மாறிவிடும். பிடிக்க வேண்டிய தூது ஆர்.என்.ஏ.வைப் பிடிக்காது, தொடக்கூடாத ஒன்றைப் போய்ப் பிடிக்கும். ஒரு புரதம் மட்டுமல்ல, பல புரதங்களின் அளவு ஒரே நேரத்தில் மாறும்.

அதே ஆண்டில், விதைப் பகுதியில் ஓர் எழுத்து மாறிய எலிகளும் காது கேளாமல் போவதைக் கண்டார்கள். அந்த எலிகளின் மயிர்ச் செல்களை நெருங்கி ஆராய்ந்தபோது, அவை முதிர்ச்சி அடையாமல், பிறந்த சமயத்தில் இருந்த நிலையிலேயே நின்றுவிட்டது தெரிந்தது. லின்-4 இல்லாத புழுவும் இதையேதானே செய்தது? இளம் பருவத்துப் புரதங்களுக்கு ‘போதும், அடுத்த பருவத்துக்குப் போ’ என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் புழுவின் உடலும் நிற்கிறது, எலியின் காதும் நிற்கிறது.

வெட்டும் கருவியே பழுதாவதும் உண்டு. டைசர் நொதியின் மரபணுவில் பிறவியிலேயே கோளாறு இருக்கும் சில குடும்பங்களில் சிறு குழந்தைகளுக்கு நுரையீரலில் அரிதான ஒருவகைக் கட்டி வருவதை 2009-ல் கண்டறிந்தார்கள். இவையெல்லாம் மிக அரிதாக வருபவை. காரணம் தெரிந்துவிட்டதால், அந்தக் குடும்பத்துக் குழந்தைகளை மருத்துவர்கள் முன்கூட்டியே கவனித்துக் கட்டியைச் சிறிதாக இருக்கும்போதே கண்டுகொள்ள முடிகிறது.

வைரஸ் செய்யும் தந்திரம்

மைக்ரோ ஆர்.என்.ஏ. நமக்கு உதவுவதற்காக இருக்கிறது. அதையே தனக்கு உதவியாக மாற்றிக்கொண்ட ஒரு வைரஸ் இருக்கிறது.

மிர்-122 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. கல்லீரலில் மிக அதிகம். மற்ற உறுப்புகளில் அநேகமாக இல்லை. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸின் மரபுப்பொருளும் ஆர்.என்.ஏ.தான். மிர்-122 அதன் மேல் ஒட்டினால் வைரஸ் அடங்கிப்போக வேண்டும் என்றுதானே நினைப்போம்? நடந்தது நேர்மாறு. மிர்-122 ஒட்டி வைரஸுக்கு உதவும் இடங்கள் வைரஸ் ஆர்.என்.ஏ.வின் வால்பகுதியில் இல்லை, தலைமுனைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அங்கே ஒட்டிய மிர்-122 அந்த முனையைச் சிதைந்துபோகாமல் மூடிக் காக்கிறது. மிர்-122-ஐ அகற்றினால் வைரஸ் பெருக முடியாமல் தவிக்கிறது. 2005-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பீட்டர் சார்னோவின் குழு இதைக் கண்டறிந்தது.

அப்படியானால் மிர்-122-ஐப் பிடித்துவைக்கும் மருந்து செய்யலாமே? செய்தார்கள். மிராவிர்சென் என்பது அதன் பெயர். மிர்-122-ஓடு இறுக்கமாகச் சோடி சேரும் 15 எழுத்துத் துண்டு அது. 36 நோயாளிகளிடம் சோதித்த முடிவுகள் 2013-ல் வெளிவந்தன. மருந்தின் அளவு கூடக்கூட இரத்தத்தில் வைரஸ் குறைந்தது. ஆனால் ஏறத்தாழ அதே சமயத்தில், வைரஸை நேராகத் தாக்கும் மாத்திரைகள் வந்துவிட்டன. சில வாரங்கள் சாப்பிட்டால் 100 பேரில் 95-க்கும் மேற்பட்டவர்கள் குணமாகிறார்கள். நோயாளிகளுக்கு அந்த மாத்திரைகளே நல்ல வழி என்பதால் மிராவிர்சென் மருந்துக்கடைக்கு வரவில்லை. ஆயினும் ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் குறிவைத்து மனிதருக்கு மருந்து கொடுக்க முடியும் என்பது அதனால் உறுதியானது.

எல்லா முயற்சியும் இப்படி அமையவில்லை. புற்றுநோய்ச் செல்லில் குறைந்துபோன மிர்-34-ஐ வெளியிலிருந்து கொடுக்க ஒரு சோதனை நடந்தது. நோயெதிர்ப்பு மண்டலம் கடுமையாகக் கொந்தளித்ததால் 2016-ல் அதை நிறுத்த வேண்டியதாயிற்று. ஏன் கடினம் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கு இலக்குகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒன்றைச் சரிசெய்யப் போய் மற்றவற்றையும் அசைத்துவிடுவோம். மருந்து நோயுள்ள உறுப்புக்கு மட்டும் போய்ச் சேர வேண்டும், வழியில் சிதையவும் கூடாது.

நம்பிக்கைக்கும் இடம் இருக்கிறது. ஆர்கோநாட் புரதத்தையே பயன்படுத்தி, குறிப்பிட்ட ஒரு தூது ஆர்.என்.ஏ.வை மட்டும் அழிக்கும் குறு ஆர்.என்.ஏ. மருந்து ஒன்றுக்கு 2018-ல் முதன்முதலாக அனுமதி கிடைத்தது. நரம்புகளைப் பாதிக்கும் ஒரு பரம்பரை நோய்க்கு அது பயன்படுகிறது. இன்னொரு பக்கம், மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் இரத்தத்திலும் சிதையாமல் மிதப்பதை 2008-ல் கண்டிருக்கிறார்கள். ஒரு துளி இரத்தத்தில் அவற்றின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து நோயை முன்கூட்டியே அறிய முடியுமா என்று பல ஆய்வகங்கள் முயன்று வருகின்றன.

ஒன்றைக் கவனித்தீர்களா? ஆம்ப்ரோசும் ருவ்குனும் புற்றுநோய்க்கோ காது கேளாமைக்கோ மருந்து தேடிப் போகவில்லை. ஒரு புழு ஏன் வளர மறுக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள விரும்பினார்கள். புரதம் கிடைக்காதபோது ‘இங்கே ஒன்றும் இல்லை’ என்று கைவிட்டிருக்கலாம். கிடைத்தது என்னவோ அதை அப்படியே நம்பினார்கள். உங்கள் பள்ளிச் சோதனையில் எதிர்பார்த்த விடை வராவிட்டால், விடையைத் திருத்தி எழுதுவதற்கு முன் வந்தது என்ன என்று ஒருமுறை உற்றுப் பாருங்கள்.

உங்களுக்கு ஒரு புதிர்

மிர்-122-இன் விதைப் பகுதி இது: கு கு அ கு யு கு யு. இதன் நேர் கீழே சோடி எழுத்துகளை எழுதுங்கள். எழுதி முடிக்கும் வரை அடுத்த பத்தியைப் படிக்காதீர்கள்.

உங்களுக்கு வந்தது சை சை யு சை அ சை அ என்றால் சரி. இப்போது அதை வலமிருந்து இடமாகப் படியுங்கள்: அ சை அ சை யு சை சை. ஹெபடைடிஸ் சி வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வின் தலைமுனை அருகே வைத்திருப்பது இந்த வரிசையைத்தான். மிராவிர்சென் மருந்தின் 15 எழுத்துகளில் கடைசி ஏழும் இவையே. ஒரே வித்தியாசம், யுராசில் இருக்க வேண்டிய இடத்தில் டி.என்.ஏ.வுக்கு உரிய தைமினை வைத்திருக்கிறார்கள். வைரஸ் எந்த எழுத்துகளைக் காட்டி மிர்-122-ஐத் தன் பக்கம் இழுத்ததோ, அதே எழுத்துகளை மருந்தில் வைத்து மருத்துவர்கள் அதை வைரஸிடமிருந்து பிரித்தார்கள்.